கயிற்றை நீளவாக்கில் கட்டுவதா, குறுக்குவாக்கில் கட்டுவதா?

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடிகாலையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே ஸ்கூட்டியில் இரண்டு பேர் நீச்சல் குளத்துக்குக் கிளம்புவோம். நான் லேப் அடிக்க, பின்னால் உட்கார்ந்து வரும் அத்தை, அதாவது என் மாமியார், தண்ணீரில் நின்று பாட்டுக்கு உடற்பயிற்சி செய்யும் அக்வா ஏரோபிக்ஸ் வகுப்புக்கு. சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டும் வரை நன்றாகப் பேசிக்கொண்டு போவோம். திரும்பி வரும்போது பல நாள் பேச்சே இருக்காது, ஏனென்றால் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் அவர்கள் 18 பேர் குதிக்கிறார்கள், நாங்கள் 6 பேர் நீந்துகிறோம், நடுவில் ஒரு கயிறுகூடக் கிடையாது.

குளம் 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம். ஒரு லேனுக்கு, அதாவது நீந்தும் பாதைக்கு, 2.5 மீட்டர் என்று வைத்தால் ஐந்து லேன். இந்தப் பக்கம் மூன்றரை அடி ஆழம், அந்தப் பக்கம் ஒன்பது அடி. பெண்களுக்கென்று ஒதுக்கியிருப்பது காலை 6.30 முதல் 7.30 வரை ஒரே ஒரு மணி நேரம். சண்டைக்கு மூலமே இந்த ஒரு மணி நேரம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். புகார் சொல்லப் போனால் நிர்வாகத்தில் "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்று கையைக் கழுவிவிட்டார்கள். சரி என்று பேசினோம். அந்தப் பேச்சில் வந்த யோசனைகளை, சிலதைச் செய்து பார்த்தும் சிலதைக் கணக்குப் போட்டுப் பார்த்தும் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். உங்கள் ஊர்க் குளத்திலும் இதே கூத்து நடந்தால் உதவும்.

முதலில் இப்போது இருக்கிற ஏற்பாடு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" ஏற்பாடு. ஃப்ரீஸ்டைலில் போகிறவருக்கு என்ன தெரியும் என்பது கரையில் நிற்பவருக்குப் புரிவதில்லை. முகம் தண்ணீருக்குள், பார்வை அடியில் இருக்கும் கறுப்புக் கோட்டில். எதிரே ஒருவர் நிற்பது தெரிய வேண்டுமானால் அவருடைய கால் நம் கண்ணுக்கு முன்னால் வர வேண்டும், அதற்குள் நம் கை அவர் மேல் பட்டிருக்கும். "காகிள்ஸ் போட்டிருக்காங்களே, கண்ணு தெரியாதா" என்று ஒருவர் கேட்டார். 18 பேர் குதித்துக் கலக்கிய தண்ணீரில் குமிழிதான் தெரிகிறது அம்மா. போன மாதம் ஒரு புதன்கிழமை என் முழங்கை, ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியையின் தோளில் நன்றாகவே இடித்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தார், 44 வயதில் வகுப்புக்கு லேட்டாக வந்த பிள்ளை மாதிரி நின்றேன்.

அந்தப் பக்கத்து வாதமும் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. பக்கத்தில் ஒருத்தி காலை உதைத்துக்கொண்டு போனால் முகத்தில் தண்ணீர் அடித்து மூச்சுத் திணறும், அவர்களுக்கு அது நிஜமான பயம். அத்தை அன்றைக்கு வண்டியில் ஏறியதும் கேட்டார், "ஏங்கண்ணு, நீ நீந்தறயா, துணி தொவைக்கறயா? ஒரு வாய் தண்ணி முழுங்கிட்டேன் நான்." வகுப்பில்லாத நாளில் 35 நிமிடத்தில் 40 லேப், அதாவது ஒரு கிலோமீட்டர் முடித்துவிடுவேன். வகுப்பு நாளில் வளைந்து நெளிந்து 20 தேறினாலே பெரிது. ஆக, இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கத்துக்கும் நஷ்டம். இதைத் தொடரலாம் என்று சொல்பவர்கள் தண்ணீரில் இறங்காதவர்கள் மட்டுமே.

"வகுப்பையே நிறுத்திவிட்டால் என்ன" என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, மாமியார் என்பதற்காக அல்ல. அத்தைக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதிதான் காலில் இறங்கும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. தரையில் நாலு படி ஏறினால் முகம் சுளிப்பவர், தண்ணீரில் முட்டியை இடுப்பு வரை தூக்குகிறார். அதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பு அவருக்குப் பொழுதுபோக்கு கிடையாது.

அடுத்தது நேரத்தைப் பிரிப்பது. கேட்டவுடன் எல்லோரும் தலையாட்டுகிற யோசனை இதுதான், தண்ணீரின் கணக்கும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. நீந்துகிறவருக்கும் நின்று பயிற்சி செய்கிறவருக்கும் வேண்டிய தண்ணீர் வேறு வேறு. போட்டிக் குளங்களுக்கு, உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் வைத்திருக்கும் அளவு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். அக்வா ஏரோபிக்ஸுக்கு 28 முதல் 30 வரை இருந்தால்தான் உடம்பு விறைக்காது. தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வேகமாக நீந்தினால் அந்தச் சூட்டை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம், மார்பளவில் நின்று கையை ஆட்டினால் அவ்வளவு சூடு வராது. மார்கழி, தையில் சேலத்தில் காலை 6.30 மணித் தண்ணீரில் அத்தையின் உதடு நடுங்கும், எனக்கோ அதுதான் சுகமான தண்ணீர். ஏப்ரல், மேயில் நேர் எதிர், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாளில் சாயங்காலத் தண்ணீர் ரசம் மாதிரி கிடக்கும், அதில் பத்து லேப் போட்டால் தலை கிறுகிறுக்கும். வகுப்புக்காரர்களுக்கு அது இதம். அதனால் குளிர்ந்த நேரம் நீந்துகிறவர்களுக்கு, வெதுவெதுப்பான நேரம் வகுப்புக்கு என்று பிரித்துவிட்டால் கச்சிதமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம் யாருக்கு எந்த நேரம் முடியும் என்று ஒவ்வொருவராகக் கேட்கப் போனேன். வகுப்பை 9 மணிக்குத் தள்ளினால் அத்தை மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு வசதி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரலாம். ஆனால் அந்த 18 பேரில் ஏழு பேர் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு அந்த வகுப்பு அத்தோடு முடிந்தது. எங்களை 5.30-க்கு வரச் சொன்னால் அது பொது நேரம், வருபவர்கள் முக்கால்வாசி ஆண்கள். ஆறு பேரில் இரண்டு பேர் வீட்டில் அதற்குச் சம்மதம் கிடைக்காது, இன்னொருத்தி கொண்டலாம்பட்டியிலிருந்து இருட்டில் தனியாக வண்டி ஓட்டி வர வேண்டும். பெண்கள் நேரத்தை இன்னொரு மணி நேரம் கூட்டுங்கள் என்று கேட்டோம், யோசிக்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும். நாள் பிரிப்பதும் இதன் தம்பிதான்: திங்கள், புதன், வெள்ளி முழுக்க அவர்களுக்கு, மற்ற நாள் எங்களுக்கு. கட்டணத்தையும் பாதியாக்கினால் பேசலாம் என்றேன், பேச்சு அங்கேயே நின்றது.

நேரம் பிரிக்கிற யோசனை, நாள் முழுக்கத் திறந்திருக்கிற, ஆண் பெண் என்று மணி ஒதுக்காத குளத்துக்கு முதல் தரமானது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், இதையே செய்யுங்கள். நம் ஊரில் பெண்களுக்கு ஒரு மணி நேரம் மட்டும் தருகிற குளங்களில் அந்த ஒரு மணியை இரண்டாக வெட்டினால் உடை மாற்றவே நேரம் சரியாகிவிடும்.

இடையில் ஒருவர் ஹீட்டர் போட்டுவிட்டால் குளிர்காலப் பிரச்சினை தீரும் என்றார். எங்கள் குளத்தில் சுமார் 6 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதை ஒரே ஒரு டிகிரி ஏற்றுவதற்கு, சாதாரணக் காயில் ஹீட்டரானால், 700 யூனிட் மின்சாரம் வேண்டும். ஹீட் பம்பில் குறையும், என்றாலும் மேலே கூரை இல்லாத குளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக அந்தச் சூடு வானத்துக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே 700 யூனிட் ஓடுவதில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இனி கயிறு. குறுக்கே கட்டினால், ஆழமில்லாத பாதி அவர்களுக்கு, ஆழமான பாதி எங்களுக்கு. வகுப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 12.5-க்கு 12.5 என்று சதுரமாக இடம் கிடைக்கும், அதைவிட முக்கியம், தரை சரியத் தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு கயிறு இருக்கும். எங்கள் குளத்தில் பாதிக்கு அப்புறம் தரை சட்டென்று இறங்குகிறது, நீச்சல் தெரியாதவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் வைத்தால் கால் எட்டாது. இதைச் சொன்னதே வகுப்பு எடுக்கும் கோச்தான், அவர் சொல்லும் வரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை என்பது வெட்கம்தான்.

எங்களுக்கு? ஒரு வெள்ளிக்கிழமை செய்து பார்த்தோம். அகலவாக்கில் நீந்தினால் ஒரு கிலோமீட்டருக்கு 80 முறை சுவரைத் தொட வேண்டும். சுவரை உதைத்துச் சறுக்குவதிலேயே மூன்று நாலு மீட்டர் போய்விடும், மிச்சம் இருப்பதில் ஏழெட்டுக் கை வீசினால் அடுத்த சுவர். நீந்தின மாதிரியே இல்லை, மாவாட்டின மாதிரி இருந்தது. எனக்குக் கிணறு ஞாபகம் வந்துவிட்டது. வாழப்பாடிப் பக்கம் எங்கள் தாத்தா தோட்டத்துக் கிணற்றில்தான் முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி நீச்சல் பழகினேன். 1994-இல் தமிழ்நாட்டு நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் சிறுவனாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி வந்த வருஷம் எனக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான். நானும் கால்வாய் தாண்டுவேன் என்று கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தவள். ஆறு கை வீச்சுக்கு ஒரு முறை கல் சுவர் வரும். அந்தத் திரும்பல் போதும் என்றுதானே டவுனுக்கு வந்து காசு கட்டிக் குளத்தில் சேர்ந்தது?

அதுகூடப் பரவாயில்லை. அகலவாக்கில் அடியில் கோடு கிடையாது, அதனால் ஆறு பேரும் ஆறு கோணத்தில் போய் நாங்களே ஒருவருக்கொருவர் முட்டிக்கொண்டோம். எங்களில் இரண்டு பேர் இப்போதுதான் முழு லேப் பழகுகிறார்கள், மூச்சு வாங்கினால் கால் ஊன்ற வேண்டும், ஒன்பது அடியில் எங்கே ஊன்றுவது? ஒருத்தி பாதி நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஆறு பேருமே நன்றாக நீந்துகிறவர்கள் என்றால் குறுக்குக் கயிறு ஓரளவு சரிப்படும். கலவையான ஆட்களுக்கு ஆபத்து.

நீளவாக்கில் கட்டுவதுதான் என் ஓட்டு. மூன்று லேன் அவர்களுக்கு, இரண்டு லேன் எங்களுக்கு. "18 பேருக்கு மூணு, 6 பேருக்கு ரெண்டா, இது என்ன நியாயம்" என்று வகுப்பில் கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அவர்களுடைய மூன்று லேனில் ஆழமில்லாத பாதியை மட்டும் எடுத்தாலே 94 சதுர மீட்டர் வருகிறது, தலைக்கு 5 சதுர மீட்டர். கையை இரண்டு பக்கமும் விரித்துச் சுற்ற அது போதும். எங்களுக்கு லேனுக்கு மூன்று பேர், ஒன்றில் வேகமாகப் போகிறவர்கள், இன்னொன்றில் பழகுகிறவர்கள். நம் ஊர் ரோடு மாதிரி போகும்போதும் இடது, வரும்போதும் இடது. போய்த் திரும்ப 80 விநாடி ஆகிறது, 10 விநாடி இடைவெளி விட்டுக் கிளம்பினால் மூன்று பேர் என்ன, ஆறு பேர்கூடப் போகலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகம் இருக்க வேண்டும். ஒரே ஒருத்தி பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் உலா வந்தால் பின்னால் திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிடும்.

இதில் குறையும் உண்டு. முதலாவது, அலை. 18 பேர் ஒரே தாளத்தில் குதித்தால் பக்கத்து லேனில் மூச்சுக்கு வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஒரு அலை வந்து அடிக்கும். போட்டிகளில் கட்டும் லேன் கயிற்றில் கோத்திருக்கும் வட்டுகள் அழகுக்காக இல்லை, அவை சுழன்று அலையின் விசையைத் தின்றுவிடும். வெறும் நைலான் கயிறு கட்டினால் ஆள் மோதாது, அலை மோதும். வட்டு வைத்த கயிறு என்ன விலை என்று விசாரித்தோம், கேட்டுவிட்டு எல்லோரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது குறை, கோச் சொன்ன அந்தச் சரிவு. நீளக் கயிறு அதைத் தடுக்காது. அதனால் அவர்களுடைய மூன்று லேனுக்குள் நாலரை அடி ஆழத்தில் ஒரு சின்னக் குறுக்குக் கயிறும் கட்டியே ஆக வேண்டும், இது பேரத்துக்கு உரிய விஷயமே இல்லை. படிக்கட்டு இருக்கும் பக்கம் அவர்களுக்குப் போக வேண்டும், முட்டி வலிக்காரர்கள் எங்கள் லேனைக் கடந்து வருகிற மாதிரி வைக்கக் கூடாது. நாலே லேன் உள்ள, 20 மீட்டருக்கும் குறைந்த குளமாக இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், இரண்டு பக்கமும் நெருக்கியடித்து மறுபடி அதே சண்டைதான் வரும்.

வேறு இடம் பார்த்துக்கொள் என்பதும் ஒரு யோசனையாக வந்தது. ஏற்காட்டில் குளம் வைத்த விடுதிகள் இருக்கின்றன, ஒரு தடவை குடும்பத்தோடு தங்கியபோது பார்த்தேன், அவரைக்காய் வடிவத்தில் வளைந்த சின்னக் குளம், படம் எடுக்க நன்றாக இருக்கும், நீந்தினால் நாலு வீச்சில் கரை. ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் காலைத் தண்ணீர் எலும்பைத் தொடும். போக 20 கொண்டை ஊசி வளைவு, வர 20, என்னுடைய 40 லேப் ரோட்டிலேயே முடிந்துவிடும். மேட்டூர்ப் பக்கம் காவிரியில் நீந்தலாமே என்றவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. ஆற்றுக்குச் சுவரும் கிடையாது, கரையில் லைஃப் கார்டும் கிடையாது.

கடைசியாக, அத்தை சிரித்துக்கொண்டே வைத்த யோசனை: "நீயும் எங்க கிளாசுல சேர்ந்துக்கயேன்." ஒரு திங்கள்கிழமை சேர்ந்தேன். ஃபோம் டம்பெல் என்று ஒன்று கொடுத்தார்கள், கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி எடையே இல்லை. அதைத் தண்ணீருக்குள் அழுத்தச் சொன்னபோதுதான் தெரிந்தது, தரையில் தூக்குவது கஷ்டம், இங்கே அமுக்குவது கஷ்டம். தண்ணீரில் கையின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நாலு மடங்காகும், கோச் "வேகமா, வேகமா" என்று கத்தும்போது அதன் அர்த்தம் தோளுக்குப் புரிந்தது. பக்கத்தில் 66 வயது அத்தை சாவகாசமாகச் செய்துகொண்டிருந்தார். மறுநாள் டிபன் கேரியரைத் தூக்க முடியவில்லை. கையை ஆட்டுகிற வகுப்பு என்று நான் பேசியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது நீச்சலுக்குப் பதிலாகாது. மூச்சைக் கட்டி, சத்தமே கேட்காத அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் போகிறேன், அங்கே பாட்டுக்கு நடுவில் அது கிடைக்காது. மாதம் ஒரு முறை போவேன், அவ்வளவுதான்.

எந்த ஏற்பாட்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்த தலையோடு அப்படியே இறங்குவது. தண்ணீர் மேல் பளபளவென்று ஒரு படலம் மிதக்கும். வேர்வையும் எண்ணெயும் மற்றதும் சேர்ந்து குளோரினைத் தின்றுவிடுகின்றன. மூக்கைத் துளைக்கும் அந்த 'குளோரின் வாசனை', குளோரினும் வேர்வையும் சேர்ந்து உண்டாகும் குளோரமின் வாசனை. அது அடித்தால் குளம் சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள், நேர் மாறு. ஷவரில் நின்று தலையை அலசிவிட்டு, கேப் மாட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு வாரமாக நீளக் கயிறு ஓடிக்கொண்டிருக்கிறது, சோதனைக்கு. வட்டுக் கயிறு வாங்கும் வரை நைலான் கயிற்றில் காலித் தண்ணீர் பாட்டில்களை மூடி இறுக்கி, அடிக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிறோம். "கொடியில துணி காயப்போட்டாப்ல இருக்குது" என்றார் அத்தை. முதல் நாள் வகுப்பில் கையோடு கை இடிக்கிறது என்று முணுமுணுப்பு வந்தது. அதற்கும் வழி சொன்னது அவரே. வரிசையாக நிற்காமல் இடைப்புள்ளிக் கோலம் மாதிரி, முன்வரிசையில் இரண்டு பேருக்கு நடுவில் பின்வரிசைக்காரர் நிற்கட்டும் என்றார். ஆறு, ஆறு, ஆறாக மூன்று வரிசை, இடிப்பது நின்றது. அலை இன்னும் அடிக்கிறது, அவர்கள் இருக்கும் பக்கம் மூச்செடுக்காமல் மறுபக்கம் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன புதன் 36 லேப்.

தீராமல் இருப்பது ஸ்பீக்கர்தான். அந்தச் சத்தத்தில் லைஃப் கார்டு விசில் அடித்தால்கூடக் கேட்காது, அதனால் பாட்டைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தால் கடைசி வரிசைக்குத் தாளம் கேட்கவில்லையாம். நேற்று ஸ்பீக்கரைக் குளத்துக்கு முதுகு காட்டி மதில் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.